லைட் இருக்கா?

ஹாம்பர்க்
மார்ச் 3, ஞாயிறு

கொனாடு அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ கத்துகிறாய், மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். "இனிமே எதுவா இருந்தாலும் எழுது தம்பி, எழுத்துல உன் குரல் கேக்காது, அதுவே எனக்கு நிம்மதி" என்று நீதான் சொன்னாய். அதனால் போனிலேயே எழுதி அனுப்புகிறேன்.

விஷயம், அப்பா அறையில் இருக்கும் பெட்டி. கறுப்பாக, ரொட்டி டப்பா அளவில் இருக்குமே, அதுதான். நம் வீட்டுப் படம், வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. உள்ளே இரண்டு வட்டுகள். ஒரே சரக்கை இரண்டிலும் எழுதி வைக்கும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அது எப்படி இருக்கிறது என்று இத்தனை நாள் இங்கிருந்தே என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வட்டம் வந்தால் நலம். காலையில் பல் தேய்க்கும் முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பெட்டியைச் செய்த கம்பெனிக்காரன் பழைய மாடல்களுக்கு அந்த வசதியைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டான். இப்போது போனில் சாம்பல் வட்டம்தான். "கடைசியாகக் கண்டது: பிப்ரவரி 19" என்கிறது, காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரி.

அதற்குள்தான் அந்த வீடியோவும் இருக்கிறது. குடும்பத்தார் முன்னால் அப்பா வீட்டை நம் இருவருக்கும் கொடுத்த நாள். நீ என் பேரிலும் உன் பேரிலும் அசெடா வைத்தாய், நன்றி சொல்லும் ஷ்னாப்ஸ் சாராயம் இரண்டு பாட்டில். அதை அவர்கள் வாங்கிக் குடித்தார்கள். குடித்துவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான், அதற்குமேல் யாருக்கும் பேச்சில்லை. இப்போது அத்தை மகன் ஃப்ரிம்போங், நம் வழக்கப்படி சகோதரி மகனுக்குத்தான் சொத்து, தாய்வழி வாரிசு நான்தான், வீடு எனக்குத்தான், அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை என்று கிளம்பியிருக்கிறார். அன்று கூட இருந்த பெரியவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள், மிச்சம் பேர் அவர் பக்கம். குடும்பத் தலைவர் நானா அசியாமா அன்று ஊரிலேயே இல்லை. வீடியோ எடுத்தவனின் லேப்டாப் திருட்டுப் போய்விட்டது. ஜூன் 9 குடும்பக் கூட்டம். அந்த வீடியோவில் ஃப்ரிம்போங்கே கோப்பையைத் தூக்கிக் குடிக்கிறார். அது இல்லையென்றால் நீ உன் உறைமீன் கடைப் பெட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் மூன்று வரி எழுது. லைட் இருக்கிறதா? சத்தம் இருக்கிறதா? சூடு இருக்கிறதா? அவ்வளவுதான். கதை வேண்டாம்.

உன் தம்பி,
அம்போஃபோ


ஓல்டு டாஃபோ, குமாசி, கானா
மார்ச் 10

தம்பி அம்போஃபோவுக்கு,

நான் நலம் என்று தொடங்கலாமென்று பார்த்தேன். நீ கேட்கவே இல்லையே. உன் கடிதத்தைப் போனில் மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தேன், எங்காவது ஓரத்தில் அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று. பெட்டிக்குச் சூடா, பெட்டிக்குச் சத்தமா, எல்லாம் பெட்டிக்குத்தான். அப்பாவை அடக்கம் செய்த அன்றும் இப்படித்தான். நீ வரவில்லை. போனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாய். மூன்று மணி நேரம் பிடித்தேன், கை மரத்துவிட்டது. சவப்பெட்டியை இறக்கும்போது நீ கேட்டது என்ன, நினைவிருக்கிறதா? "அக்கா, அங்க சிக்னல் எப்படி இருக்கு?"

ஃப்ரிம்போங் செவ்வாய்தோறும் வந்துவிடுகிறார். வந்ததும் அப்பா நாற்காலியில் உட்காருகிறார். வாரிசாக வந்தவரை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், வழக்கம் தெரியாதவளா நான்? வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா கொனாடு, அப்பா வந்திருக்கேன், குடிக்கத் தண்ணி கிடையாதா?" என்றார்.

"தண்ணி இருக்கு அண்ணே. அப்பாதான் இல்ல" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. பேச்சை மாற்ற உன் பெட்டியைக் காட்டி, "இது என்ன, ரேடியோவா?" என்று கேட்டார். "தம்பி அனுப்பிச்சது. இந்த வீட்டுல நடந்ததெல்லாம் அதுக்குள்ள இருக்கு" என்றேன். தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தா, நீ கேட்ட மூன்று வரி.

லைட்: இருக்கிறது.
சத்தம்: எப்போது இல்லை? பக்கத்துச் சபைக்குப் புது ஒலிபெருக்கி வந்திருக்கிறது.
சூடு: இது மார்ச். இது குமாசி.

கொனாடு


ஹாம்பர்க்
மார்ச் 12

அக்கா,

லைட் இருக்கிறது என்று படித்ததும்தான் உயிர் வந்தது. பெட்டியின்மேல் பூவேலைத் துணி எதையும் விரிக்காதே, நீ விரிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஃப்ரிம்போங்கிடம் பெட்டியைப் பற்றி எதற்குப் பேசினாய்? அவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

அடக்கத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே தங்குவதற்கான தாள்கள் கைக்கு வராமல் நான் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆறாவது முறையாக இதை எழுதுகிறேன். தாள்கள் வந்தது அப்பா போய் நாற்பது நாள் கழித்து. நான் என்ன செய்ய?

அடுத்த முறை மூன்று வரி மட்டும், தயவுசெய்து.

அம்போஃபோ


குமாசி
ஏப்ரல் 7

அம்போஃபோ,

கதை வேண்டாம் என்றாய். கதை இல்லை.

லைட்: பாதி நேரம் இருக்கிறது, பாதி நேரம் இல்லை. போகிறது, வருகிறது, வருகிறது, போகிறது. நான்கு வாரமாக இதே பாடுதான்.
சத்தம்: இருக்கிறது.
சூடு: சொல்லி மாளாது.

கொனாடு


ஹாம்பர்க்
ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

மிக்க மகிழ்ச்சி! முதல்முறையாக நான் கேட்டபடி எழுதியிருக்கிறாய். லைட்டைப் பற்றி நீ கொஞ்சமும் கவலைப்படாதே. விட்டு விட்டு வருவதுதான் நல்ல அறிகுறி. போய்ப் போய் வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க விடாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். இப்படியே தொடரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இன்று வேலையில் எல்லோருக்கும் நானே காப்பி வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
அம்போஃபோ


குமாசி
ஏப்ரல் 11

உன் மகிழ்ச்சியைப் படித்தேன். மூன்று பெட்டி கானாங்கெளுத்தியைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, நாற்றம் போகக் கையை நாலு முறை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து படித்தேன். இப்படியே தொடரட்டும் என்று வேண்டிக்கொள்கிறாயா? நன்றாக வேண்டிக்கொள். எல்லோருக்கும் இன்னொரு காப்பி வாங்கிக் கொடு.

இனி உனக்கு நான் எழுதப்போவதில்லை.


ஹாம்பர்க்
ஏப்ரல் 30

அக்கா,

மூன்று ஞாயிறு போய்விட்டது. உன் கடைசிக் கடிதத்தை எத்தனை முறை படித்தும் எனக்குப் புரியவில்லை. மீன் கெட்டுப்போனதற்கு நான் என்ன செய்தேன்? ஹாம்பர்க்கில் உட்கார்ந்து உன் மீனை நான் எப்படிக் கெடுக்க முடியும்? நல்ல செய்தி சொன்னாய், மகிழ்ச்சி என்று எழுதினேன். அதற்கு இவ்வளவு கோபமா? உனக்கு எதை எழுதினாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு.

சரி, நானே தப்பு என்று வைத்துக்கொள். ஜூன் 9 உன் கோபத்துக்காக நிற்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பச்சை வட்டத்தைத் தினமும் பார்த்தது வீடியோவுக்காக மட்டும் இல்லை. பெட்டி அப்பா அறையில் இருக்கிறது. அது பச்சையாக இருந்தால் அப்பா அறையில் யாரோ விழித்துக்கொண்டு இருப்பதுபோல் இருக்கும். இப்போது சாம்பலாகக் கிடக்கிறது. சிரிக்காதே.

ஒரே ஒரு சொல் எழுது. லைட் இருக்கிறதா, இல்லையா?

அம்போஃபோ


குமாசி
மே 12

தம்பி,

சிரிக்கவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்றும் நினைத்துவிடாதே.

ஒரு சொல் கேட்டாய். இல்லை. மூன்று நாளாக லைட் இல்லை. நம் வீட்டில் மட்டும் இல்லை, கிணற்றடி வரைக்கும் தெரு முழுக்க இல்லை. முனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. புகை வந்ததும் சபைக்காரர்கள் வெளியே ஓடி வந்து கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். மீதி மீனைச் சுட்டு விற்றுக்கொண்டிருக்கிறேன், கண்ணெல்லாம் எரிகிறது. இதுவும் நல்ல அறிகுறி என்று எழுதினாயோ, ஹாம்பர்க் வரைக்கும் நீந்தி வந்து உன்னை அறைவேன்.

கொனாடு


ஹாம்பர்க்
மே 13

அக்கா! தெரு முழுக்கவா?

நான் கேட்டது பெட்டியின் லைட்! பெட்டியின் முகத்தில் பொட்டு அளவில் எரியுமே, அந்த லைட்! நீ கரண்டைச் சொல்லிக்கொண்டிருந்தாயா? மார்ச்சிலிருந்தா? பாதி நேரம் இருக்கிறது பாதி நேரம் இல்லை என்றாயே, அது கரண்டா? வட்டு வேலை செய்தால் அந்தப் பொட்டு லைட் மினுக்கும், அதைத்தான் நல்ல அறிகுறி என்றேன்.

ஐயோ. ஏப்ரல் கடிதத்தை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். மீன். காப்பி. மன்னித்துக்கொள், அக்கா. பேருந்து நிறுத்தத்தில் நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக இதைச் செய். பெட்டியின் முன்பக்கம் மூன்று சிறு லைட்டுகள். மேலே இருப்பது பெட்டிக்கு. கீழே இருக்கும் இரண்டும் வட்டுக்கு ஒன்று. எந்த நிறம் என்று எழுது. பச்சை என்று எழுது, அக்கா.


குமாசி
மே 16

அம்போஃபோ,

மேலே பச்சை. நடுவில் மஞ்சள். கீழே இருப்பதும் மஞ்சள்தான், ஆனால் அது விட்டு விட்டு எரிகிறது. நடுவில் இருப்பது ரொம்ப நாளாகவே மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதனால் ஒன்றும் நினைக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். நம் ஊரில் லைட் என்றால் என்ன? கம்பியில் வருவது ஒன்று, கிண்ணத்தில் வரும் லைட் சூப் ஒன்று. மூன்றாவது லைட் எங்கேயிருந்து வந்தது? பொட்டு அளவில் எரிவதற்குப் பேர் லைட்டா? டாஃபோவில் பிறந்து, டாஃபோவில் படித்து, லைட் போனால் எங்களோடு சேர்ந்து "ஓ!" என்று கத்தியவன்தானே நீ? பதினோரு வருஷத்தில் லைட் என்றால் என்னவென்றே மறந்துபோகுமா? எனக்கு மீன் போனதைவிட இதுதான் வலிக்கிறது.

ஒன்றை நானும் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது. பிப்ரவரிக் கடைசியில் அந்த அறையிலிருந்து கீச்சு கீச்சென்று சத்தம் வந்தது. நீ அனுப்பிய பேட்டரி ஒன்று இருக்கிறதே, லைட் போனால் இருபது நிமிஷம் கூவிவிட்டுச் சாகுமே, அதுதான் கூவுகிறது என்று நினைத்தேன். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். போய்ப் பின்னால் இருந்த பொத்தானை அமுக்கினேன், நின்றுவிட்டது. பேட்டரி கூவவில்லை, பெட்டிதான் கூவியது என்பது இப்போது நீ அந்த லைட்டுகளைப் பற்றி எழுதியதும்தான் புரிகிறது.

ஆனால் நீ என்ன ஒழுங்கு? எட்டு மாதமாகத் தினமும் காலையில் எழுந்து பார்த்தாய் அல்லவா? பச்சை, பச்சை, பச்சை என்று. அந்த ஒரு வீடியோவை எடுத்து உன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ள ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா? பார்த்துக்கொண்டிருப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்றா, தம்பி?

கொனாடு


ஹாம்பர்க்
மே 18

அக்கா,

தோன்றவில்லை. பச்சையாக இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன். பெரிய வீடியோ, நம் வீட்டு இணையத்தில் இறக்கப் பல நாள் ஆகும், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். ஆஸ்பத்திரியில் நானூறு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பிரதி எடுத்தீர்களா, பிரதி எடுத்தீர்களா என்று எல்லோர் உயிரையும் வாங்குபவன் நான். இதற்குமேல் என்னைத் திட்ட உன்னிடம் புதிதாக ஒன்றும் இருக்காது.

மஞ்சள் என்றால் அந்த வட்டு செத்துவிட்டது, பிப்ரவரியிலேயே. மினுக்கும் மஞ்சள் என்றால் மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. உடனே அணைத்துவிடு, திரும்பப் போடாதே. அடும் கடைத்தெருப் பக்கத்தில் நம்பிக்கையான கடை இருந்தால் பெட்டியோடு எடுத்துப் போ. ட்ரோட்ரோ வேனில் போகாதே, அந்த வண்டி குலுக்கும் குலுக்கலில் மிச்சமும் போய்விடும். டாக்ஸியில் போ, மடியில் வைத்துக்கொள்.

அம்போஃபோ


குமாசி
மே 27

தம்பி,

மடியில்தான் வைத்துக்கொண்டு போனேன். டாக்ஸிக்காரர், "என்னக்கா, அதுக்குள்ள முட்டையா?" என்று கேட்டார். "வீடு" என்றேன். அதற்குமேல் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

கடைக்காரர் நல்ல மனிதர். நான்கு நாள் வைத்துப் பார்த்தார். முதல் வட்டு அசையவே இல்லையாம். இரண்டாவது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டக், டக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டதாம். "வீட்ல பெரியவங்க யாராச்சும் போயிட்டா எப்படிச் சொல்லுவோமோ அப்படித்தான் சொல்றேன்க்கா, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார். வட்டுகளைத் திரும்ப உள்ளேயே போட்டு, பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிம்போங் கொல்லையில் நின்று ஒரு மேஸ்திரியோடு சுவரைக் காலால் அளந்துகொண்டிருந்தார்.

கொனாடு


ஹாம்பர்க்
மே 29

அக்கா,

லீவு கேட்டேன், ஜூலைக்கு முன்னால் இல்லை என்றுவிட்டார்கள். சண்டை போட்டேன், அப்போதும் இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் நீயே ஃப்ரிம்போங்கிடம் போய்ப் பேசிப் பார். முன் இரண்டு அறையையும் மீன் கடையையும் நமக்கு விட்டுவிடச் சொல், மிச்சத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும். நம் கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் போய் நின்று அத்தனை பேர் முன்னால் நீ பொய்க்காரி என்று பேர் வாங்க வேண்டாம்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்போஃபோ


குமாசி
ஜூன் 9, சாயங்காலம்

தம்பி,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை, எழுதினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கதை வேண்டாம் என்று சொன்னால் கொன்றுவிடுவேன்.

பத்து மணிக்குக் கூட்டம். முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தேன். காலையிலிருந்து லைட் இல்லை. நான் சமையலறையில் நின்று, ஆண்டவரே இன்று ஒரு நாள், மீனுக்காகக் கேட்கவில்லை என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு லைட் வந்தது. தெருவே "ஏ!" என்று கத்தியது. அப்பா அறை ஜன்னல் வழியாக வயரை இழுத்து வந்து, பெட்டியைத் துணி போர்த்தி மேசைமேல் வைத்தேன்.

எதற்கு வைத்தேன் என்று கேட்காதே. கையில் ஒன்றும் இல்லாமல் போய் நிற்க என்னால் முடியவில்லை. செத்துப்போயிருந்தாலும் நம் பக்கத்துச் சாட்சி அதுதானே.

ஃப்ரிம்போங் முதலில் பேசினார். நல்ல துணி உடுத்திக்கொண்டு, அழகாகவே பேசினார். மாமா பிள்ளைகளைக் கைவிடமாட்டேன், ஆனால் வீடு தாய்வழிக்கு, அசெடா என்று ஒன்று வைக்கப்படவே இல்லை என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானா அசியாமா என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணே, அப்படி ஒரு நாள் நடந்துச்சுங்கற. இவரு இல்லைங்கறாரு. உன் சாட்சி யாரு?"

நான் துணியை எடுத்தேன். "இதுதான், நானா."

சிலர் சிரித்தார்கள். ஃப்ரிம்போங் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது?"

"தம்பி அப்பாவுக்கு அனுப்பிச்சது. அன்னிக்கு எடுத்த வீடியோவ அப்பா இதுலதான் போட்டு வச்சாரு."

போட்டு வைத்தார்தானே? அதில் பொய் எங்கே இருக்கிறது?

அடுத்து, வேலை செய்கிறதா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் நானா வயரைப் பார்த்தார், மேலே கம்பத்தைப் பார்த்தார், நம் ஊர்க்காரர் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"லைட் இருக்கா?"

"இருக்கு நானா. லைட் இருக்கு" என்று சொல்லி வயரைச் சொருகினேன்.

மேலே பச்சை வந்தது. நடுவில் மஞ்சள். கீழே, எனக்கே ஆச்சரியம், இந்த முறை சிவப்பு. பின்வரிசையில் யாரோ, "நம்ம கொடியக் கவுத்துப் பிடிச்ச மாதிரியே இருக்கே" என்றார்கள். நானா கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்து பார்த்தார். உள்ளே டக், டக் என்று அடிக்க ஆரம்பித்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் ஃப்ரிம்போங். குரல் மாறியிருந்தது.

"தேடுது அண்ணே."

"எதைத் தேடுது?"

"அந்த நாளைத்தான்."

அதுவும் பொய்யில்லை. கடைக்காரர் அப்படித்தான் சொன்னார், ஊசி இடம் தேடுகிறது, கிடைக்கவில்லை என்று. கிடைக்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு நான் ஃப்ரிம்போங் முகத்தையே பார்த்துக் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க ரெண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினீங்க அண்ணே. எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

பெட்டி டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு இல்ல, மூணு" என்றார். "மறைச்சு என்ன, எப்படியும் அதுல தெரியத்தானே போகுது. குடிச்சேன். வயசாகுதுல்ல, மறந்தே போச்சு."

முற்றம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது, தம்பி. சிரிப்பு அடங்கியதும் நானா, "குடிச்ச வாயால இல்லைன்னு சொல்லலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஃப்ரிம்போங் தலை குனிந்தார். பாவமாகக்கூட இருந்தது. பேச்சு முடிந்தது. நான் வயரை உருவிவிட்டேன்.

நானா புதிதாக ஒரு அசெடா வைக்கச் சொன்னார். அப்பா பேரில் தரையில் கொஞ்சம் ஊற்றினார். முதல் கோப்பையை ஃப்ரிம்போங்குக்கே கொடுக்கச் சொன்னார். குடித்தார். மூன்று போனில் வீடியோ எடுக்க வைத்திருந்தேன். ஒன்றை உனக்கு இப்போதே அனுப்பியாயிற்று. பார்த்துக்கொண்டே உட்காராதே. எடுத்து வை.

வீடு நம்முடையது.

கொனாடு


ஹாம்பர்க்
ஜூன் 10

அக்கா,

ரயிலில் படித்தேன். மூன்றாவது கோப்பையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிறகு அழுகை வந்துவிட்டது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வேலைக்குத் தாமதம். முதல்முறையாக ஒரு சாக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வீடியோவை நான்கு இடத்தில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். உன் முன்தலையில் நரைத்திருக்கிறது. எப்போது? கையில் தீக்காயத் தழும்பு இருக்கிறது, மீன் சுட்டதில் பட்டதா? பதினான்கு வாரமாகக் கடிதம் எழுதியிருக்கிறேன், பெட்டியின் நிலவரம் கேட்டிருக்கிறேன், இதை ஒரு வரி கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அக்கா, எப்படி இருக்கிறாய்?

நீ செய்தது சரியா என்று யோசித்தேன். சரியில்லைதான். இருந்தாலும் அவர் உண்மையைத்தானே சொன்னார்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடு. இனி அதனால் ஒரு பயனும் இல்லை.

அம்போஃபோ


குமாசி
ஜூலை 14

தம்பி,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன், கேள்.

பெட்டியைத் தூக்கிப் போடுவதாம்! ஃப்ரிம்போங் இப்போதும் செவ்வாய்தோறும் வருகிறார். கோபமில்லை, ஒரு கட்டு வாழைக்காயோடு வருகிறார். அப்பா நாற்காலியில் உட்காருவதில்லை. ஆனால் அப்பா அறை வாசலில் நின்று எட்டிப் பார்க்காமல் போவதில்லை. "என்ன கொனாடு, லைட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே குடிக்கிறார். அது செத்த பெட்டி என்று தெரிந்தால் அந்த மனிதர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் அதை அணைக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. லைட் போன நாளில் வந்தால், "தெரு முழுக்க இல்ல அண்ணே" என்று தப்பித்துவிடுகிறேன்.

நேற்றிலிருந்து கீழே இருந்த சிவப்பைக் காணோம். தெருவில் லைட் இருக்கிறது, மீன் கல்லாக உறைந்திருக்கிறது, பச்சை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சிவப்பு மட்டும் இல்லை. தட்டிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வரவில்லை. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை. இப்போதெல்லாம் காலையில் பல் தேய்க்கும் முன்னால் போய் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், தெரியுமா உனக்கு? என் நிலவரம் இப்படி ஆகிவிட்டது.

பொட்டு அளவு லைட் போனால் அதற்கு என்ன செய்வது? எங்கே வாங்குவது? உடனே எழுது.

இல்லை, எழுதாதே. எழுதிக் கிழித்தது போதும். லீவு ஜூலையில் தருவார்கள் என்றாய், இது ஜூலை. வந்து பார்.

கொனாடு